முதலில் படகைக் கரையேற்றச் சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரின் துவாஸில் நிற்கும் பழைய ஃபைபர் படகுக்கு டீலர் இன்றே முன்பணம் கேட்கிறார், கடலில் ஓட்டிக் காட்ட மட்டும் இழுத்தடிக்கிறார் என்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். முதலில் படகைக் கரையேற்றச் சொல்லி, எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டுங்கள். ‘டொக்’ என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே மரம் ஊறியிருக்கலாம், அந்தச் செலவு தாங்காது. அப்புறம், அவுட்போர்டின், அதாவது பின்பலகையில் வெளியே மாட்டியிருக்கும் அந்த எஞ்சினின், கியர் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நீங்கள் போகும் முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைக்க விடாதீர்கள், குளிர்ந்த நிலையில் எப்படிக் கிளம்புகிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். படகைப் பரிசோதிக்கும் சர்வேயரை நீங்களே பிடியுங்கள், டீலர் கைகாட்டும் ஆள் வேண்டாம். கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, அதிலுள்ள எண்தான் படகிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.