நெடுந்தீவும் நயினாதீவும் ஒரே நாளில் முடியுமா?

முழங்கால் வலியுள்ள அம்மாவோடு ஒரே நாளில் யாழ்ப்பாணப் பக்கத்து இந்த இரண்டு தீவும் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், ஒன்றைத் தேர்ந்தெடுங்கோ.

இரண்டுக்கும் படகு ஏறுவது குறிகட்டுவான் இறங்குதுறையில்தான். நயினாதீவு கிட்ட, கால் மணித்தியாலப் பயணம். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் இறங்கியவுடன் நடந்துபோகிற தூரம். அம்மாவுக்கு அதுதான் சுகம்.

நெடுந்தீவென்றால் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் கடலில். காற்றுக் காலத்தில் படகு நன்றாக ஆடும்; ஏறி இறங்கவும் ஒரு கை பிடிக்க ஆள் வேணும். ஆனால் போனால் மறக்க மாட்டீர்கள். சாந்து பூசாமல் பவளக் கல்லை அடுக்கியே கட்டிய வேலிகள் தீவு முழுக்க ஓடும். இடிந்த ஒல்லாந்தர் கோட்டையும் அதே கல்தான். உள்ளே ஆள் நிற்கக்கூடிய பொந்துள்ள பெருக்கு (பாவோபாப்) மரம், வெட்டையில் மேயும் குதிரைகள்... அந்தக் குதிரைகள் ஐரோப்பியர் காலத்தில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள். கோடையில் தண்ணீருக்கு அவை படும் பாடு பார்க்கச் சங்கடமாயிருக்கும். வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்கிற இடத்தில் உண்மையில் இருப்பது பழைய பௌத்த எச்சங்கள். 1985 மே 15இல் குமுதினி என்ற பயணிகள் படகில் கொல்லப்பட்டவர்களுக்கு நினைவிடமும் உண்டு.

இடங்கள் தள்ளித் தள்ளி, நிழலும் குறைவு. இறங்கியதும் ஒரு ஓட்டோ பேசுங்கோ. திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை ஏறும்போதே கேட்டு வையுங்கோ, தவறினால் இரவு அங்கேதான்.