நர்சிங் சீட்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா?

ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார்: "என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இயற்பியலில் 58, வேதியியலில் 61, உயிரியலில் 72. பி.எஸ்சி. நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். நீட் எழுதவில்லை. எங்கள் ஊரில் கன்சல்டன்சி நடத்தும் ஒருவர், நீட் இல்லாமல் தமிழ்நாட்டில் சீட் கிடைக்காது, பெங்களூரில் வாங்கித் தருகிறேன் என்கிறார். 50,000 ரூபாய் முன்பணமும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் இந்த வாரத்துக்குள் வேண்டுமாம். என்ன செய்வது?"

பணம் கொடுக்காதீர்கள். மார்க் ஷீட்டை அதைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீட் விஷயம். தமிழ்நாட்டில் அரசு நடத்தும் கலந்தாய்வில் பி.எஸ்சி. நர்சிங் இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. புதுச்சேரி ஜிப்மருக்கும் ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கும் நீட் மதிப்பெண் பார்ப்பார்கள். எய்ம்ஸ் தனித் தேர்வு வைக்கிறது. இதைக் கேள்விப்பட்ட பெற்றோர் எல்லா நர்சிங் கல்லூரிக்கும் நீட் வேண்டும் என்று பயந்துவிடுகிறார்கள். போதாததற்கு, 2023-ல் வந்த தேசிய செவிலியர் ஆணையச் சட்டம் பொதுவான சேர்க்கை முறையைப் பற்றிப் பேசுகிறது. அந்தந்த வருடம் என்ன விதி என்பதை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு வெளியிடும் விளக்கக் கையேடு சொல்லும். தமிழ்நாட்டு இடங்களைப் பொறுத்தவரை அதில் இருப்பதுதான் கடைசி வார்த்தை.

தகுதியைப் பற்றியும் கவலை வேண்டாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் சேர்த்து 45 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40 போதும். ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். உங்கள் மகள் 300-க்கு 191 வாங்கியிருக்கிறாள், கிட்டத்தட்ட 64 சதவீதம். அரசு நர்சிங் கல்லூரிக்குப் போட்டி அதிகம், அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஆனால் தனியார் கல்லூரிகளும் தங்கள் இடங்களில் ஒரு பங்கை அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. அதுவும் அதே கலந்தாய்வில்தான் வரும். நீங்கள் குறிவைக்க வேண்டியது அந்த இடங்களை.

இதைப் புரோக்கர் உங்களிடம் சொல்ல மாட்டார், சொன்னால் அவருக்குக் கமிஷன் இல்லை. அவர் வாங்கித் தருவது மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் இடம். நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்து, குடும்ப வருமானம் வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், கலந்தாய்வு வழியாகச் சேரும் மகளுக்குப் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடைக்காது. நான்கு வருடக் கட்டணம் முழுவதும் உங்கள் தலையில் விழும். சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு என் முன்னால் உட்கார்ந்து அழுத பெற்றோர் ஒருவர் இருவர் அல்ல.

மார்க் ஷீட்டை ஏன் கேட்கிறார் என்று யோசித்தீர்களா? அது அவர் கையில் இருந்தால் நீங்கள் வேறு எங்கும் சேர முடியாது. மனம் மாறினாலும் அவர் கேட்கிற பணத்தைக் கொடுத்துத்தான் மீட்க வேண்டியிருக்கும். சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று உயர்கல்வி நிறுவனங்களுக்கே பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018-ல் உத்தரவு போட்டிருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை இடைத்தரகருக்கு எங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிற விஷயம். நர்சாக வேலை பார்க்கப் பட்டம் மட்டும் போதாது, கவுன்சிலில் பதிவு வேண்டும். இங்கே அது தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில். அந்தப் பதிவு இல்லாதவர் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் அரசு நர்ஸ் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது, வெளிநாட்டு வேலையும் கிடைக்காது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று தெருவுக்குத் தெரு 'டிப்ளமோ நர்சிங்' போர்டு வைத்திருக்கிறார்களே, அவற்றில் படித்தால் இந்தப் பதிவு கிடைக்காது. வெள்ளை யூனிபார்ம் உண்டு, பட்டமளிப்பு விழாகூட நடத்துவார்கள். வெளியே வந்தால் உதவியாளர் வேலைதான். நன்றாகப் படிக்கக்கூடிய பெண் ஒருத்தி அப்படி இரண்டு வருடத்தைத் தொலைத்துவிட்டு என்னிடம் வந்தாள். மறுபடி முதலில் இருந்து தொடங்கச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. தபால் வழியில் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் என்று யாராவது சொன்னால் அதுவும் பொய்.

வெளிமாநிலத்தில் படித்தால் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிந்துவிட்டு, பிறகு இங்கே மாற்ற வேண்டும். கல்லூரியின் அனுமதியில் கோளாறு இருந்தால் அந்த இடத்தில்தான் சிக்கும். நான்கு வருடம் கழித்து.

உயிரியல் படிக்காத பிள்ளைகள் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். உங்கள் மகளுக்கு இது தேவையில்லை, ஆனாலும் வீட்டில், அக்கம்பக்கத்தில் யாருக்காவது உதவும். வணிகவியல், கலைப் பிரிவு படித்தவர்கள் நேரே பி.எஸ்சி. நர்சிங் சேர முடியாது. ஆனால் மூன்று வருட டிப்ளமோ ஒன்று இருக்கிறது, ஜி.என்.எம். என்பார்கள். ஆங்கிலத்தில் தேர்ச்சியும் மொத்தத்தில் 40 சதவீதமும் இருந்தால் மற்றப் பிரிவினரையும் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி ஏற்கிறது. தெருமுனை டிப்ளமோவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதை முடித்தால் கவுன்சில் பதிவு உண்டு, நர்ஸ் வேலைக்கே போகலாம். அப்புறம் இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் பட்டமும் வந்துவிடும். ஆக மொத்தம் ஐந்து வருடம். ஒரு வருடம்தான் கூடுதல். 'உயிரியல் இல்லாமலே நேரடி பி.எஸ்சி. வாங்கித் தருகிறேன்' என்பவனிடம் ஏமாறுவதைவிட இந்த வழி எவ்வளவோ மேல்.

பிளஸ் டூ முடிவு மே மாதமே வந்துவிடுகிறது. நர்சிங் கலந்தாய்வு முடிய மாதக்கணக்கில் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரிக்குப் போக ஆரம்பித்துவிடுவாள், நம் பெண் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். இந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். விண்ணப்பம் எப்போது, தரவரிசை எப்போது, கலந்தாய்வு எப்போது என்று மூன்று தேதிகளை முன்கூட்டியே அறிவித்து, அதன்படி நடத்தினாலே இவர்களில் பாதிப் பேர் கடையைக் கட்டிவிடுவார்கள். எத்தனை வருடமாகக் கேட்கிறோம்!

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். சாதி, இருப்பிடம், வருமானச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள். கடைசி நேரத்தில் இ-சேவை மையத்தில் நிற்பது பெரும் அவதி. மனதில் இருக்கும் கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். அப்புறம் ஒருநாள் காலையில் மகளோடு அந்தக் கல்லூரியின் மருத்துவமனைக்குள் நடந்து பாருங்கள். 100 படுக்கைக்குக் குறையாத சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது விதி. படுக்கை மட்டும் இருந்து நோயாளி இல்லை என்றால் உங்கள் மகள் எதைத் தொட்டு வேலை கற்றுக்கொள்வாள்? பிரசவ வார்டு நடக்கிறதா என்று அவசியம் விசாரியுங்கள்.

அந்தக் கன்சல்டன்சிக்காரர் மறுபடி போன் செய்தால், கல்லூரியின் பெயர், அது எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது, எந்த கவுன்சிலின் அனுமதி, நான்கு வருடத்துக்கும் சேர்த்து எவ்வளவு கட்டணம், இத்தனையையும் கல்லூரியின் லெட்டர் பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள்.