1970களில் கட்டப்பட்ட பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். படகின் அடிக்குழியில் (பில்ஜ்) சேரும் நீரை வெளியேற்றச் சக்தி வாய்ந்த பில்ஜ் பம்ப் ஒன்றைப் பொருத்தினால் போதுமா, அடிப்பக்க வால்வுகளையும் மாற்ற வேண்டுமா?

வால்வுகளை முதலில் பாருங்கள். பம்புக்குப் பிறகு வரலாம். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சிசெஸ்டர் துறைமுகக் கழிமுகத்தில், 1974இல் கட்டப்பட்ட 26 அடி வெஸ்டர்லி சென்டார் படகு ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். வாங்கிய முதல் மாதத்தில் நானும் உங்களைப் போலவே பெரிய பம்பைத்தான் தேடினேன். ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே எண்ணம் மாறியது.

நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே, ஒன்றரை அங்குல விட்டமுள்ள ஒரு பொருத்து (படகின் அடிச்சுவரைத் துளைத்து மாட்டிய குழாய்வாயும் அதன் வால்வும்) முறிந்துபோனால், நிமிடத்துக்குச் சுமார் 140 முதல் 180 லிட்டர் வரை கடல்நீர் உள்ளே வரும். பெட்டியின் மேல் மணிக்கு 2000 அமெரிக்கக் காலன் என்று அச்சிடப்பட்ட பம்பின் திறன் நிமிடத்துக்கு 126 லிட்டர்தான். அதுவும் நீரை மேலே ஏற்ற வேண்டிய உயரம் எதுவும் இல்லாமல், மின்னழுத்தம் குறையாமல், ஹோஸ் வளையாமல் இருந்தால் கிடைக்கும் அளவு. உண்மையான படகில், மூன்று நான்கு அடி ஏற்றி வெளியே தள்ளும்போது, அதில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தாலே திருப்தி அடைய வேண்டியதுதான். பம்ப் உங்களுக்குத் தருவது ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பதற்கான சில நிமிடங்களை மட்டுமே.

அந்தக் காலப் படகுகளில் என்ன பொருத்தியிருக்கிறார்கள் என்பதைவிட, இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் யார் எதை மாற்றினார்கள் என்பதே பெரிய கேள்வி. என் படகில் எனக்கு முன் இருந்தவர்களில் யாரோ ஒருவர், பாத்திரத் தொட்டியின் வெளியேற்றத்துக்கு, வீட்டுக் குழாய் வேலைக்கு விற்கும் பித்தளை வால்வைப் போட்டிருந்தார். நிக்கல் பூச்சின் பளபளப்பில் அது புதிது போலவே தெரிந்தது. கழிமுகத்தில் நீர் வற்றி, அடியில் துடுப்புபோல் நீண்டிருக்கும் இரட்டைக் கீல்களின் மேல் படகு சேற்றில் நின்றிருந்த நேரத்தில், ஹோஸ் மாட்டும் அதன் வாய்ப்பகுதியை ஸ்பேனரால் மெல்லத் திருப்பினேன். பிஸ்கட் உடைவதுபோல் கையோடு வந்துவிட்டது. முறிந்த இடம் மஞ்சளாக இல்லை, இளஞ்சிவப்பாக இருந்தது. கடல்நீரில் கிடக்கும் சாதாரணப் பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் மெல்லக் கரைந்து போய்விட, வடிவம் மாறாமல் நுண்துளைகள் நிறைந்த செம்பு எஞ்சிவிடுகிறது. வீட்டில் வெண்கலப் பானைக்கும் பித்தளைக் குடத்துக்கும் உள்ள வேறுபாட்டை விலையில் மட்டுமே அறிந்திருந்த எனக்கு, அதன் முழுப் பொருளும் அன்றுதான் விளங்கியது.

ஆகவே ஒவ்வொரு பொருத்தையும் படகு கரையிலோ வற்றிய சேற்றிலோ இருக்கும்போது சோதியுங்கள். ஓரிடத்தில் கத்தி முனையால் சுரண்டி நிறத்தைப் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஹோஸைப் பிடித்துப் பலமாக அசையுங்கள். இந்தச் சோதனையில் முறிவது கடலில் முறிவதைவிட மேலானது என்பதால் தயங்க வேண்டாம். மாற்றுவதென்றால் வெண்கலம், துத்தநாகம் கரையாதபடி செய்த பித்தளை, கண்ணாடியிழை சேர்த்த நைலான் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது வகையின் மேல் பெரும்பாலும் சி, ஆர் என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். தரச்சான்று இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் நம்பிவிடாதீர்கள்: இவ்வகை உலோகப் பொருத்துகளுக்கான ஐ.எஸ்.ஓ. என்ற பன்னாட்டுத் தரநிர்ணயத்தின் 1994ஆம் ஆண்டுப் பதிப்பு, ஐந்தாண்டுகள் பழுதின்றி இருந்தாலே அரிப்பைத் தாங்கும் உலோகம் என்று ஏற்றுக்கொண்டது. ஐம்பது வயதுப் படகுக்கு ஐந்தாண்டு எந்த மூலைக்கு? கடல்நீர் வற்றி மீண்டும் ஏறுவதற்கு நடுவே கிடைக்கும் சில மணி நேரத்தில் வால்வை மாற்றிவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். பூசும் பசை இறுகவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

இனிப் பம்ப். மின்பம்பின் தானியங்கி மிதவைச் சுவிட்சுக்குச் செல்லும் கம்பியை, பிரதானச் சுவிட்சை அணைத்தாலும் மின்சாரம் நிற்காதபடி, பேட்டரியிலிருந்து நேராக, பம்பின் கையேடு சொல்லும் அளவுள்ள ஃபியூஸ் வழியாக எடுங்கள். கம்பி இணைப்புகள் பில்ஜ் நீருக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை பம்பில் அல்ல, பச்சை பூத்த இணைப்பில்தான் இருந்தன. உட்பக்கம் வழவழப்பான ஹோஸையே போடுங்கள். மலிவான மடிப்பு ஹோஸ் நீரோட்டத்தைக் கணிசமாகக் குறைக்கும். வெளியேறும் வாய், பாய் விரித்துப் படகு சாய்ந்தாலும் நீரில் மூழ்காத இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பம்ப் நின்றதும் கடல் அதே வழியாகத் திரும்பி வரும். இதைத் தவிர்க்க ஒருவழி வால்வு போடச் சிலர் சொல்வார்கள். தலைமுடியும் சோப்புக் கசடும் சிக்கி அது அடைத்துக்கொள்ளும் என்பதால் நான் போடவில்லை.

மாதம் ஒருமுறை இரண்டு வாளி நீரை ஊற்றி, மிதவை தானே எழுந்து பம்பை ஓட்டுகிறதா என்று பார்க்கிறேன். காக்பிட்டில் (படகோட்டி அமரும் திறந்த பகுதியில்) உள்ள கைப்பம்பையும் அப்போதே அடித்துப் பார்ப்பேன். பயன்படுத்தாமல் விட்டால் அதன் ரப்பர் சவ்வும் மடல்களும் விறைத்துப் போகும். உறிஞ்சும் முனையின் சல்லடையை வழித்து எடுத்தால், பழைய பெயின்ட் செதிலும் பென்சில் சீவலும்கூடக் கிடைக்கும்.

வால்வுகளை மாதந்தோறும் திறந்து மூடுங்கள். ஆண்டில் பதினோரு மாதம் திறந்தே கிடந்த வால்வு, தேவைப்படும் நாளில் மூடாது. பொருத்து முறிந்தால் ஓட்டையில் அடித்து அடைக்க, நுனி கூரான மென்மரக் கட்டை ஒன்றை ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். குளிர்காலத்தில் படகைக் கரையேற்றிய பிறகு, பந்து வால்வுகளைப் பாதி திறந்த நிலையில் வையுங்கள். முழுதாக மூடினால் பந்துக்குள் தங்கும் நீர் உறைந்து, நீங்கள் புதிதாக வாங்கிய வால்வையே பிளந்துவிடும். வசந்தத்தில் படகை இறக்கும்போது, கிரேனின் பட்டைகளைக் கழற்றுவதற்கு முன் உள்ளே இறங்கி, ஒவ்வொரு பொருத்தையும் விரலால் தடவிப் பாருங்கள்.