இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே போவது? (கடிதம்)

வணக்கம் ஐயா. எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். பி.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறேன். கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் போய் அறிக்கை கொடுத்தால் இரண்டு கிரெடிட். கூடப் படிப்பவர்கள் பணம் கட்டி ஆன்லைனில் சேர்ந்துவிட்டார்கள், சான்றிதழ் வந்துவிடுமாம். மாமா, எம்எல்ஏ ஆபீஸில் சொல்லிச் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். சென்னை, டெல்லி போக வசதி இல்லை. காமர்ஸ்காரர்களுக்கு வங்கி இருக்கிறது, ஆடிட்டர் ஆபீஸ் இருக்கிறது. எங்களுக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கிரெடிட் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, இன்டர்ன்ஷிப்பில் 30 மணி நேரம் ஒரு கிரெடிட். அப்படியானால் உங்களுக்கு 60 மணி நேரம். உங்கள் பல்கலைக்கழக விதியில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் செல்லும். துறைத்தலைவரிடம் கேளுங்கள். எந்த இடம், வழிகாட்டும் ஆசிரியர் யார் என்பதற்கு முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். எல்லாம் முடிந்தபிறகு போய் நின்றால் யாரும் கிரெடிட் தரமாட்டார்கள்.

காசு கட்டி வேலை பார்ப்பது எனக்குப் புரிவதே இல்லை. அதை விடுங்கள்.

மாமா சொல்வதை அப்படித் தள்ளமாட்டேன். எம்எல்ஏ ஆபீஸுக்குப் பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு என்று மனுக்கள் வந்துகொண்டே இருக்கும். பாதிக்கு மேல் தாசில்தார் ஆபீஸில் முடிய வேண்டியவை. பிறகு ஏன் ஜனங்கள் இங்கே வருகிறார்கள்? மனுக்களைப் பிரித்து வைத்து இதை எழுதினாலே நல்ல அறிக்கைதான். ஆனால் உங்களை அதற்கு விடவேண்டுமே! போஸ்டர் வாசகம் எழுதச் சொல்வார்கள், கூட்டத்துக்கு ஆள் சேர்க்கச் சொல்வார்கள். கட்சி வேலை பார்ப்பதில் தப்பில்லை, அதைக் கிரெடிட்டில் சேர்க்காதீர்கள். மாமாவிடம் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

சரி, ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? 1990இல் காவிரி நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, கர்நாடகம் ஆண்டுக்கு விடவேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டிஎம்சி எல்லாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கு, தண்ணீரை அளக்கிற எல்லைப்புறப் பிலிகுண்டுலுவோடு முடிந்துவிடுகிறது. மேட்டூரும் கல்லணையும் தாண்டி உங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதும் வராததும் யார் யார் எடுக்கிற முடிவு? நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

விடுமுறையும் தோதாக வருகிறது. மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம், ஆகவே தூர்வாருவதெல்லாம் அதற்கு முந்தைய வாரங்களில்தான். ஆற்றில் பொக்லைன் நிற்கும், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சி, டி வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கும். குறைதீர் கூட்டங்களில் விவசாயிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் புகார் இது. ஒரே ஒரு வாய்க்காலை எடுங்கள். அது தூர்வாரும் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் விட்டது யார்? தூர்வாரும் பணியின் மதிப்பீட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் ஏப்ரல் தொடக்கத்திலேயே மனுவைப் போட்டுவிடுங்கள். அப்புறம், நிலம் வைத்திருப்பவர்களோடு நிறுத்தாதீர்கள். கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் நம் பக்கம் ஏராளம். குத்தகை உரிமையைப் பதிவதற்கு 1969இலேயே சட்டம் வந்துவிட்டது. பதிவில் பேர் இல்லாதவர் பேச்சு குறைதீர் கூட்டத்தில் எடுபடுகிறதா என்று கவனியுங்கள்.

மே 1 அன்று கிராம சபை. உங்கள் மாவட்டத்து ஊராட்சிகளில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இருந்தபோது வாய்க்கால் விஷயம் யாரிடம் போனது, அதற்குப் பிறகு யாரிடம் போனது என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்தால் அறிக்கையில் ஓர் அத்தியாயத்துக்கு ஆகும்.

சும்மா சுற்றிப் பார்த்தால் இன்டர்ன்ஷிப் ஆகாது. வருகையைப் பதிந்து கையெழுத்துப் போட ஓர் அலுவலகம் வேண்டும். கல்லூரிக் கடிதத்தோடு ஒன்றிய அலுவலகத்தில் பிடிஓவை (வட்டார வளர்ச்சி அலுவலர்) பாருங்கள். அங்கே இழுத்தடித்தால், பதிவு பெற்ற விவசாயிகள் சங்கம் எதிலாவது கேளுங்கள், கல்லூரி ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டு. சங்கத்தில் நிறையச் சொல்வார்கள். அத்தனையும் ஒரு பக்கத்துப் பேச்சு என்பதை நினைவில் வைத்து எழுத வேண்டும். அன்றாடக் குறிப்பை அன்றைக்கே எழுதிவிடுங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வு) அதைத்தான் புரட்டுவார்கள்.

நெல் கொள்முதல் நிலையத்தை மட்டும் இப்போது தொடவேண்டாம். 17 சதவீத ஈரப்பதம் என்று டெல்லி வைத்த வரம்பும் நனைந்த மூட்டையும் மோதுகிற இடம் அது. ஆனால் சம்பா நெல் வந்து குவிவது தை, மாசியில். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.