பழைய அம்பாசிடர் வாங்கலாமா? கார் பைத்தியமான பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம்?

கேள்வி: சார், நாங்க நங்கநல்லூர். எங்கப்பா ரொம்ப வருஷம் அம்பாசிடர் வச்சிருந்தாரு, ஸ்டீயரிங் பக்கத்துலயே கியர் இருக்கிற ஹேண்ட் கியர் வண்டி, முன்சீட்ல அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல உக்காந்து போனது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. என் பையனுக்கு அஞ்சு வயசு, ராத்திரில எதிர வர்ற லைட்டை பாத்தே என்ன காருன்னு சொல்லிடுவான், ஒரு கல்யாணத்துல நின்ன அம்பாசிடரை விட்டு வரவே மாட்டேன்னுட்டான். இப்ப ஒரு புரோக்கர் 96 மாடல், இசுசு பெட்ரோல் என்ஜின், 1,80,000 சொல்றாரு. ஆர்.சி. 2021லயே முடிஞ்சிருச்சு, நீங்களே எஃப்.சி. (வண்டி தகுதிச் சோதனை) காட்டி புதுப்பிச்சுக்கலாம் ஈஸிதான்னு சொல்றாரு. வாங்கலாமா?

பதில்: அம்பாசிடர் வாங்குங்க, தாராளமா வாங்குங்க. ஆனா இந்த வண்டிய இப்ப இருக்கிற நிலைமையில வாங்காதீங்க.

முதல்ல பேப்பர். சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும், அதுக்கப்புறம் அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும், 20 வருஷம் தாண்டின காருக்கு அந்த ஃபீஸை 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. தேதி தாண்டினா மாசத்துக்கு 500 ரூபா தாமதக் கட்டணம்னு விதி இருக்கு, நாலு வருஷத்துக்கு கணக்கு போட்டாலே 24,000 ஆச்சு, அதோட கிரீன் டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேற. ஈஸின்னா அவரே ஏன் செய்யல? ஆர்.சி.யை ஓனரே புதுப்பிச்சு கையில குடுக்கட்டும், பேர் மாத்துற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து போடட்டும், அப்புறம் முழு பணத்தை குடுங்க. ஓனரை நேர்ல பாக்காம புரோக்கர் கையில அட்வான்ஸ் கூட குடுக்க வேண்டாம். விண்டேஜ்னு ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, விண்டேஜ் வண்டிக்குன்னு 2021ல வந்த அந்த வி.ஏ. நம்பர் 50 வருஷம் தாண்டின வண்டிக்குத்தான், அதையும் தினசரி ரோட்ல ஓட்டக்கூடாது.

என்ஜினைப் பத்தி எனக்கு பெருசா கவலை இல்ல. அந்த 1.8 இசுசு நல்ல என்ஜின், அஞ்சு கியர், பழைய 1489 சிசி வண்டிய விட பிக்கப் நல்லா இருக்கும். உத்தரபாரா ஃபேக்டரில அம்பாசிடர் நின்னது 2014ல, அது வரைக்கும் ஊரெல்லாம் டாக்ஸியா ஓடின வண்டிங்கறதால ஜி.பி. ரோட்டுலயும் புதுப்பேட்டையிலயும் தேடினா ஸ்பேர் சிக்கும், கை வச்சு பழகின பழைய மெக்கானிக்கும் நம்ம ஊர்ல இன்னும் இருக்காங்க.

தகரம்தான் பிரச்சனை. சென்னையில கடக்காத்து, மழைத்தண்ணி ரெண்டும் சேந்து கீழேருந்து அரிச்சுரும், ஓட்டையை மூட மேல பட்டி (பேஸ்ட் மாதிரி பூச்சு) வச்சு பளபளன்னு பெயிண்ட் அடிச்சு விப்பாங்க. ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தை ஒரு மெல்லிசு துணியில சுத்தி கதவோட அடிப்பக்கம், வீல் ஆர்ச், ஃபுட்போர்டு ஓரம் எல்லாம் வச்சுப் பாருங்க, ஒட்டாம விழுந்தா உள்ள இருக்கிறது பட்டி. மேட்டை முழுசா தூக்கி தரையைப் பாருங்க, டிக்கில ஸ்டெப்னி எடுத்துட்டு அந்த இடத்தைப் பாருங்க, சீட்டுக்கு அடியில காஞ்ச சேறு இருந்தா அது வெள்ளத்துல நின்ன வண்டி, 2015லயும் 2023 டிசம்பர்லயும் எத்தனை வண்டி முங்குச்சுன்னு நமக்குத் தெரியாததா. என்ஜின் வேலைக்கு ஒரு எஸ்டிமேட் போட்டு முடிச்சிரலாம், தகரத்தை வெட்டி ஒட்டுற டிங்கரிங் அப்படி இல்ல, ஒரு இடத்தை வெட்டினா பக்கத்துலயும் ஓட்டை தெரியும், செலவு இழுத்துக்கிட்டே போகும்.

தகரத்தை நான் இவ்வளவு சொல்றதுக்கு உங்க பையன்தான் காரணம். நீங்க உக்காந்த மாதிரி அவனை முன்சீட்டு நடுவுல உக்கார வைக்கவே கூடாது. 14 வயசுக்கு உள்ள இருக்கிற பிள்ளைக்கு பெல்ட் இல்ல சைல்டு சீட் கட்டாயம், இல்லன்னா 1,000 ரூபா ஃபைன், ஆனா ஃபைனுக்காக இல்ல, பிரேக் அடிச்சா பிள்ளை பறந்து போய் டேஷ்போர்டுல மோதும். பின்சீட்ல பெல்ட் இல்லன்னா நல்ல மெக்கானிக்கை வச்சு மாட்டணும், அந்த போல்ட்டை புடிச்சுக்க கீழ கெட்டியான தகரம் வேணும், துருப்பிடிச்ச ஃப்ளோர்ல மாட்டின பெல்ட் ஆபத்துக்கு உதவாது. இன்னொண்ணு, இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாம் எத்தனாலுக்குன்னு செஞ்சது இல்ல, ஊறி லீக் ஆகும், சூடான என்ஜின் பக்கத்துல பெட்ரோல் லீக்குன்னா சும்மா இல்ல, அதனால வண்டி வாங்கின கையோட அதுக்கு ஏத்த ஹோஸா மொத்தமா மாத்திடுங்க.

நல்ல வண்டி கைக்கு வர்ற வரைக்கும் பையனை தி.நகர் ஆற்காடு தெருவுல இருக்கிற எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்கு கூட்டிட்டுப் போங்க, அவரோட 4777 நம்பர் அம்பாசிடர் அங்க நிக்குது. லீவு விட்டா கோயம்புத்தூர் ஜிடி கார் மியூசியம், ஒரு நாள் முழுக்க பாத்தாலும் அவனுக்கு பத்தாது. எந்த காரை விட்டு நகர மாட்டேங்குறான்னு பாருங்க, ஒருவேளை அவனுக்குப் புடிச்சது பழைய பிரீமியர் பத்மினி காரா இருக்கலாம்.

கேள்வி: பேரனுக்கு நாலு வயசு, காருன்னா உசுரு. உக்காந்து ஓட்டுற பேட்டரி கார் நம்ம சென்னை பாரிஸ் கார்னர்ல விலை கம்மியா கிடைக்குது, பில் கேட்டா விலை ஏறும்ங்குறாங்க. வாங்கலாமா? - கொரட்டூர் வாசகி

பதில்: பில் இல்லாம வேண்டாம்மா. 2021 ஜனவரிலேருந்து பொம்மைங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பேட்டரி காருக்கும்தான், டப்பாவுல அது இருக்கான்னு பாருங்க. ஓட்டிப் பாக்கும்போது கால எடுத்தா உடனே நிக்குதான்னு பாருங்க, சார்ஜரை அரை மணி நேரம் போட்டு தொட்டுப் பாருங்க, ரொம்ப சுட்டா வேண்டாம்னுடுங்க. வாங்கினப்புறம் கடைக்காரர் மாத்தித் தர மாட்டேன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் குடுக்கலாம், அதுக்கும் அந்த பில்தான் வேணும்.