மூடப்பட்ட குளங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

டல்லாஸில் இருக்கிறேன். எங்கள் அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்தில் கறுப்பினக் குழந்தைகள் இறங்குவது அபூர்வம். பக்கத்து வீட்டு அம்மா தன் பிள்ளைகளைக் குளத்தோரம்கூட விடுவதில்லை. அவர்களுக்கு எலும்பு கனம், மிதக்க வராது என்கிறார் அலுவலக நண்பர். உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. 1987ல் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் பொது மேலாளர் அல் கம்பானிஸ் தொலைக்காட்சியில் இதையேதான் சொன்னார், இரண்டு நாளில் பதவி விலக நேர்ந்தது. 1602லேயே டச்சு வணிகர் பீட்டர் டி மாரீஸ், மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இருந்தவர்கள் நீந்துவதையும் நெடுநேரம் மூச்சடக்குவதையும் வியந்து எழுதியிருக்கிறார். கரீபியனில் முத்துக்குளிக்க ஸ்பானியர்கள் இறக்கியதும் ஆப்பிரிக்க அடிமைகளைத்தான்.

நடுவில் நடந்தது வேறு. 1949 ஜூனில் செயின்ட் லூயிஸ் ஃபேர்கிரவுண்ட் பூங்காக் குளத்தைக் கறுப்பர்களுக்கும் திறந்தார்கள். அன்றே வெள்ளையர் கூட்டம் அவர்களை அடித்து விரட்டியது. 1964ல் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஒரு மோட்டல் குளத்தில் இறங்கிப் போராடினார்கள். மேலாளர் ஓரமாக நின்று தண்ணீரில் ஆசிட் ஊற்றும் புகைப்படம் இருக்கிறது. உள்ளே ஒரு பெண் வாய்விட்டு அலறுகிறாள். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரமோ, சேர்ந்து குளிக்க விடுவதைவிட நகராட்சிக் குளங்களையே கைவிடுவது மேல் என்று மூடிவிட்டது. 1971ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதை ஏற்றது. எனக்கு அந்த ஆசிட்டைவிட இந்தத் தீர்ப்புதான் அதிகம் வலிக்கிறது. ஊரில் குளமே இல்லையென்றால் பிள்ளைகள் எங்கே போய்ப் பழகுவார்கள்?

அப்புறம் நீந்தத் தெரியாத பெற்றோர் பயத்தில் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடுவதில்லை. 2010 ஆகஸ்டில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில், ரெட் ரிவர் ஆற்றில் ஒரு பையன் சட்டென்று ஆழத்தில் சறுக்கினான். அவனைக் காப்பாற்றப் போன ஆறு பேர், எல்லாரும் பதின்வயதுப் பிள்ளைகள், ஒருவர் பின் ஒருவராக மூழ்கினார்கள். கரையில் கதறிய வீட்டாருக்கும் நீந்தத் தெரியாது. அந்தப் பையன் மட்டும் பிழைத்தான்.

அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்கில், 10 முதல் 14 வயதுக் கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம் வெள்ளையரைப்போல 7 மடங்குக்கும் மேல். பெரியவர்களில் மொத்தமாக 15% பேருக்கு நீந்தத் தெரியாது. கறுப்பினத்தவரில் அது 37%.

அமெரிக்கக் கறுப்பின நீச்சல் வீரர் கல்லன் ஜோன்ஸ் ஐந்து வயதில் ஒரு நீர்ப்பூங்காவில் மூழ்கப் பார்த்தவர். அதன்பிறகு அவருடைய அம்மா அவரை உடனே வகுப்பில் சேர்த்தார். 2008ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீச்சல் ரிலே தங்கம் வென்ற அணியில் அவர் இருந்தார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பக்குவமாகப் பேசிப்பாருங்கள். உங்கள் குளத்திலேயே ஒரு பயிற்சியாளரை வரவழைக்க முடியுமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். வகுப்பு பிள்ளைகளுக்கு மட்டும் போதாது, அந்த அம்மாவுக்கும் வேண்டும்.