சைக்கிளில் போகிறவரைக் காவலர் நிறுத்தினால்: வாசகர் சட்டக் கேள்விகள்

மோட்டார் வாகன அபராதங்களைப் பற்றி இப்பகுதியில் எழுதியபோது, சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தப்பட்டுப் பலர் எழுதியிருந்தார்கள். அந்த வருத்தம் நியாயமானது என்பதால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவர்களுடைய கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளில் டியூஷன் முடிந்து வரும்போது வாகனச் சோதனையில் நிறுத்தி, "ஹெல்மெட் எங்கே? ஆயிரம் ரூபாய் அபராதம்" என்று அதட்டி, அவன் கையிலிருந்த 200 ரூபாயை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். ரசீது கொடுக்கவில்லை. சைக்கிளுக்கும் ஹெல்மெட் கட்டாயமா?
— ஒரு தாய், கும்பகோணம்

கட்டாயமில்லை, அம்மா. உங்கள் மகனிடம் வாங்கப்பட்ட பணத்துக்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், இயந்திர விசையால் இயங்கும் வாகனத்தைத்தான் மோட்டார் வாகனம் என்கிறது. காலால் மிதித்து ஓட்டும் சைக்கிள் அந்த வரையறைக்குள் வருவதில்லை; ஆகவே அதற்கு ஓட்டுநர் உரிமம், பதிவெண், காப்பீடு, புகைச் சான்று எதுவும் தேவையில்லை. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளில் செல்பவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அதை மீறினால் 1000 ரூபாய் என்று சொல்லும் 194டி பிரிவும் அவர்களுக்கு உரியதுதான். அபராதம் போடும் கையடக்கக் கருவியில் முதலில் கேட்கப்படுவதே வண்டியின் பதிவெண்ணோ ஓட்டுநர் உரிம எண்ணோதான். இரண்டுமே இல்லாத சைக்கிளுக்கு அந்தக் கருவியிலிருந்து எப்படி ரசீது வரும்? ரசீது இல்லாமல் காவலர் பெறும் பணத்தை அபராதம் என்று சொல்லவே கூடாது.

சோதனையில் நிற்கும் காவலர்கள் எல்லாரும் தெரிந்தே தவறு செய்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாள் முழுவதும் மோட்டார் வாகனச் சட்டத்தையே கையாளும் ஒருவர், அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதை மறந்துவிடுவதும் உண்டு. எனவே நிறுத்தச் சொன்னால் நின்று, இறங்கி, "ஐயா, எந்தப் பிரிவின் கீழ் அபராதம் என்று சொல்லுங்கள், ரசீது கொடுத்தால் வீட்டில் காட்ட வேண்டும்" என்று பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால், சீருடையில் இருக்கும் பெயரையும் நேரத்தையும் இடத்தையும் அன்றைக்கே குறித்துக்கொண்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். மாநகரமானால் காவல் ஆணையருக்கு எழுத வேண்டும். 200 ரூபாய்க்காகவா என்று தயங்காதீர்கள். பதினாறு வயதுப் பிள்ளை சட்டத்தைப் பற்றி நடுரோட்டில் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுவாக இருந்துவிடக் கூடாது.

தலைக்கவசம் அணிவது நல்லதா என்றால், மிகவும் நல்லது. ஆனால் அது உங்கள் மகனின் தலைக்காக நீங்கள் வாங்கித் தர வேண்டியது.

எங்கள் காலத்தில் சைக்கிளுக்கு நகராட்சியில் வில்லை வாங்க வேண்டும். விளக்கு இல்லாமல் போனாலும் 'டபுள்ஸ்' போனாலும் பிடிப்பார்கள், காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். இப்போது அந்தச் சட்டமெல்லாம் என்ன ஆயிற்று?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்

உங்கள் கடிதத்தைப் படித்ததும், கல்லூரி நாட்களில் ஒரு மழை இரவில் வால்வு ட்யூப் இல்லாத சைக்கிளை மூன்று மைல் தள்ளிக்கொண்டு நடந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. டைனமோ இருந்தது, மழை நீரில் அதன் உருளை டயரில் வழுக்கியதால் விளக்கு எரியவில்லை. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் வால்வு காவலரின் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

வில்லை என்பது உள்ளாட்சி அமைப்புகள் சைக்கிள்களுக்கு விதித்திருந்த வரிக்கான அடையாளத் தகடு. அது நடைமுறையிலிருந்தே மறைந்துவிட்டது. டபுள்ஸைப் பொறுத்தவரை, பின்னால் ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு இருசக்கர மோட்டார் வண்டிகளுக்கு மட்டும் உரியது. காற்றைப் பிடுங்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் காவலருக்கு அன்றும் தரவில்லை, இன்றும் தரவில்லை. தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை. விளக்கைப் பற்றி மட்டும், அபராதம் இருக்கிறதோ இல்லையோ, அடுத்த பதிலையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்படியானால் சைக்கிளுக்குச் சட்டமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? சிக்னலில் நிற்காமல் போகலாமா? ஒருவழிப் பாதையில் எதிரே வரலாமா?
— வாசகர், மதுரை

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிள்காரர்களில் பாதிப் பேர் தங்களுக்கு இல்லாத அபராதத்துக்குப் பயப்படுகிறார்கள். மீதிப் பேர் தங்களுக்கு விதியே இல்லை என்று நம்புகிறார்கள். இரண்டாவது நம்பிக்கைதான் உயிரைக் குடிக்கிறது.

போக்குவரத்துக் குறியீடுகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ஆம் பிரிவு மோட்டார் வாகன ஓட்டுநரையே சொல்கிறது என்பது உண்மை. ஆனால் சாலையை ஆள்வது அந்த ஒரு சட்டம் மட்டுமல்ல. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, பொதுப் பாதையில் மனித உயிருக்கு ஆபத்து விளையும்படி "எந்த வாகனத்தையும்" கண்மூடித்தனமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டுவதைக் குற்றமாக்கி, ஆறு மாதம் வரை சிறையோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. அங்கே மோட்டார் என்ற சொல்லே இல்லை. பாதையை மறித்துப் பிறருக்கு இடையூறோ ஆபத்தோ விளைவித்தால் 285ஆம் பிரிவின் கீழ் 5000 ரூபாய் வரை அபராதம் உண்டு. முதியவர் ஒருவர் மீது சைக்கிளை மோதி அவர் இறந்துபோனால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகச் சைக்கிள்காரர் மீதும் வழக்கு வரும்.

சந்திப்பில் நிற்கும் காவலர் கையைக் காட்டி நிறுத்தினால், அல்லது சிவப்பு வளையத்துக்குள் சைக்கிள் படம் போட்ட பலகை இருக்கும் மேம்பாலத்தின் முன் திருப்பி அனுப்பினால், "எனக்குச் சட்டம் இல்லை" என்று வாதாட முடியாது. காவலர் தம் கடமையைச் செய்யும்போது இடும் சட்டப்படியான கட்டளைக்கு எல்லாரும் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 172ஆம் பிரிவு. மறுப்பவரை அப்புறப்படுத்தவும் தடுத்து வைக்கவும் அது அதிகாரம் தருகிறது.

இவற்றையெல்லாம்விட, நான் கண்ணால் கண்ட கணக்கு ஒன்று இருக்கிறது. புறவழிச் சாலையில் முறையாகத் திரும்ப வேண்டுமானால் ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்பதற்காக, விடியற்காலையில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு எதிர்த்திசையில் ஓரமாக வருகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கார் மோதுகிறது. தப்பு காருடையது என்று ஊரே சொல்லும். ஆனால் வழக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, நீதிபதியின் முன் விரிக்கப்படுவது காவல் நிலையத்தில் வரைந்த மாதிரி வரைபடம்தான். அதில் காரின் அம்புக்குறி ஒரு பக்கமும், சைக்கிளின் அம்புக்குறி அதற்கு எதிராகவும் இருக்கும். விபத்து நடந்த இடத்தைப் பார்த்துக் காவலர் எழுதும் பார்வை மகஜரில் "சைக்கிளில் விளக்கோ பின்புறப் பிரதிபலிப்பானோ இல்லை" என்று ஒரு வரியும் சேர்ந்துவிட்டால், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு வேறு சாட்சி தேவைப்படாது. விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பாயம் கருதினால், அந்தப் பங்கின் அளவுக்கு இழப்பீடு கழிக்கப்படும். பத்து லட்சம் கிடைக்க வேண்டிய குடும்பத்துக்கு முப்பது சதவீதம் கழித்து ஏழு லட்சம் வரும். அபராதமாக ஒரு ரூபாய்கூடக் கட்டாத மனிதர், மூன்று லட்சத்தை இப்படி இழக்கிறார்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் இல்லாத வண்டிகளும் பாதசாரிகளும் பொதுச் சாலைகளைப் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்த மாநில அரசுகள் விதி வகுக்கலாம் என்று 2019ஆம் ஆண்டின் திருத்தம் 138ஆம் பிரிவில் (1ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், இந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த விதிகள் சைக்கிள்காரரைத் தண்டிப்பதோடு நின்றுவிடாமல், அவர் பத்திரமாகப் போவதற்கு ஓரத்தில் இடம் தருவதாகவும் அமைய வேண்டும் என்பது என் விருப்பம்.

பேட்டரி சைக்கிள் வாங்கியிருக்கிறேன். காவலர் லைசென்ஸ் கேட்கிறார். தேவையா?
— வாசகர், ஓசூர்

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், மோட்டார் உதவி மணிக்கு 25 கிலோமீட்டரில் நின்றுவிடுவதாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனம் ஆகாது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு பிரதிபலிப்பானும் நல்ல பிரேக்கும் இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ள நிபந்தனைதான். கடைக்காரரிடம் சோதனை முகமையின் சான்று நகலை வாங்கி, கைபேசியில் படமாக வைத்துக்கொண்டு, கேட்கும்போது காட்டுங்கள். மெக்கானிக்கிடம் கொடுத்து வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டிருந்தால் மட்டும் காவலர் கேட்டது சரி. அந்த நிமிடத்திலிருந்து அது பதிவு, காப்பீடு, உரிமம், ஹெல்மெட் எல்லாம் தேவைப்படும் வண்டி.

பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து இரவு இரண்டு மணிக்கு வரும்போது நிறுத்தி, சைக்கிளுக்கு பில் கேட்டார்கள். இல்லை என்றதும் சைக்கிளை ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டார்கள். இது சரியா?
— தொழிலாளி, திருப்பூர்

இரவு ரோந்தில் நிறுத்தி விசாரிப்பது தவறில்லை. திருட்டுப் பொருள் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் கைப்பற்றும் அதிகாரமும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி காவலருக்கு உண்டு. ஆனால் கைப்பற்றியதை நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கும் கடமையும் அதே பிரிவில் இருக்கிறது. பில் இல்லை என்பது மட்டுமே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடாது. பழைய சைக்கிள் வாங்கியவர் எவரிடம் பில் இருக்கிறது? எடுத்து வைத்துக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். நிறுவன அடையாள அட்டையையும், உங்கள் தெருவில் உங்களைத் தெரிந்த ஒருவரையும் அழைத்துக்கொண்டு பகலில் நிலைய ஆய்வாளரைப் பாருங்கள். சைக்கிள் கைக்கு வந்ததும், அதன் ஃப்ரேமில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெடல் அச்சுக்கு அடியிலோ சீட்டுக்குக் கீழேயோ கிரீஸும் தூசியும் மூடிக் கிடக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் தெரியும். அடுத்த முறை அந்தப் படமே உங்களுக்குப் பில்.

காரின் பக்கக் கண்ணாடி இடித்துச் சைக்கிளோடு விழுந்தேன். கை எலும்பு முறிந்தது. காவல் நிலையத்தில் "சைக்கிள்தானே, சமாதானமாகப் போங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?
— அங்கன்வாடி ஊழியர், புதுக்கோட்டை

சமாதானமாகப் போகாதீர்கள், அம்மா; எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். எழுத்தில் புகார் கொடுத்து, முதலில் மனு ஏற்புச் சான்றான சி.எஸ்.ஆர். ரசீதும், வழக்குப் பதிவானதும் முதல் தகவல் அறிக்கையின் நகலும் கேட்டு வாங்குங்கள். நகலுக்குக் கட்டணம் கிடையாது. மோதிய ஓட்டுநர் நின்று மருத்துவ உதவி செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு. அந்தக் காரின் மூன்றாம் நபர் காப்பீடு உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. தீர்ப்பாயத்தில் மனு செய்ய விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று சட்டம் சொல்வதால், நாளைத் தள்ளாதீர்கள். கார் எது என்றே தெரியாமல் போயிருந்தாலும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும், மரணத்துக்கு 2 லட்சமும் தரும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நம் மாநிலத்தின் 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் உண்டு.

இனி ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் உதவும் என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். மருத்துவமனையில் பணி மருத்துவர் "எப்படி ஆச்சு?" என்று கேட்கும்போது, வலியிலும் கூச்சத்திலும் நம்மில் பலர் "சைக்கிளிலிருந்து விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறோம். அவர் விபத்துப் பதிவேட்டில் அதை அப்படியே எழுதிவிடுவார். பிறகு கார் மோதியது என்று நாம் எங்கே சொன்னாலும், எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைத்தான் நீட்டும். "கார் இடித்து விழுந்தேன்" என்று சொல்லி, தெரிந்தால் வண்டி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நகல் வாங்கிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். அதுவரை வளைந்த ஹேண்டில்பாரை நிமிர்த்த வேண்டாம். சைக்கிளை இருக்கிற நிலையிலேயே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.